மரவேலைக்கு முதலில் வாங்க வேண்டியது வாளா, கயிறா? வன்னியில் மரம் ஏறி வெட்டும் தொழில் பற்றிய விவாத இழை

மல்லாவித் தம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளில் தென்னை ஏறுவது, கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் கொப்புகளை வெட்டி இறக்குவது, பட்டுப்போன மரங்களைத் தறிப்பது ஆகிய வேலைகளைக் கூலிக்குச் செய்து வருகிறேன். எனக்குச் சொந்தமாக ஒரு கோடரி, ஒரு கைவாள், ஒரு கொக்கத்தடி, சந்தையில் வாங்கிய நைலோன் கயிறு ஆகியவை இருக்கின்றன. சங்கிலி வாள் தேவைப்படும் நாட்களில் அதை வைத்திருப்பவரையே கூட்டிச் செல்ல வேண்டியிருப்பதால் கூலியில் பெரும் பங்கு அவருக்குப் போய்விடுகிறது.

சிறிது பணம் சேர்த்திருக்கிறேன். இருபது அங்குலத் தகடு பூட்டிய பெரிய வாள் ஒன்றை வாங்கினால் எந்த மரத்தையும் ஒரு கை பார்க்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். வெளிநாடுகளில் இதையே படித்துச் செய்யும் தொழிலாளர்கள் இருப்பதாக அறிந்தேன். அவர்கள் எவ்வாறு வேலை செய்கிறார்கள், எந்தக் கருவியை முதலில் வாங்குகிறார்கள், அவர்களுடைய முறை பாலை, புளி, வேம்பு போன்ற நமது மரங்களுக்குப் பொருந்துமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். மரத்தைத் தறிக்காமல் ஆபத்தான கொப்பை மட்டும் எடுக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். வெட்டிய இடம் உளுத்துப் போகாமல் வெட்டுவது எப்படி என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து இங்கிலாந்து எழுதியது:

தம்பி, நான் ஒட்டுசுட்டானில் பிறந்து, இப்போது இங்கிலாந்தில் மரவேலைக் குழு ஒன்றில் ஏறுபவனாக வேலை செய்கிறேன். அந்தப் பெரிய வாளை இப்போது வாங்க வேண்டாம் என்பதே உங்கள் கேள்விக்கு என் பதில். கையிலுள்ள பணம் முதலில் தலைக்கவசத்துக்கும் இடுப்புப் பட்டிக்கும் ஏறுகயிற்றுக்கும் போக வேண்டும். அடுத்ததாக, கீழே நின்று உங்களைப் பத்திரமாக இறக்கத் தெரிந்த ஒருவரைப் பழக்குவதற்குப் போக வேண்டும். வாள் அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

இங்கே வேலைத்தலத்துக்குப் போனதும் குழு முழுவதும் மரத்தைச் சுற்றி நடக்கிறது. அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, வேர்ப்பக்கத்து மண் வெடித்து எழும்பியிருக்கிறதா, கவர் பிரியும் இடத்தில் கீறல் ஓடுகிறதா, உச்சியில் பட்ட கொப்பு எங்காவது சிக்கித் தொங்குகிறதா, மின்கம்பி எவ்வளவு கிட்டத்தில் போகிறது என்பவற்றைப் பார்த்து, சுத்தியலால் தண்டைத் தட்டிக் கோறை ஒலி கேட்கிறதா என்று கவனித்து, கண்டவற்றை எழுதி வைத்த பிறகே பெட்டியிலிருந்து கயிறு வெளியே வருகிறது. கொப்பு விழும் வட்டத்துக்குள் எவர் எப்போது வரலாம், மேலே இருப்பவர் எந்தச் சொல்லைச் சொன்னால் கீழே இருப்பவர் விலக வேண்டும், ஏறியவருக்கு ஏதும் நேர்ந்தால் யார் ஏறி இறக்குவது என்பவையும் அப்போதே முடிவாகின்றன. இந்தப் பேச்சு முடியாமல் யாரும் மரத்தில் கால் வைப்பதில்லை.

ஏறுவதற்கு, ஏறத்தாழ 225 முதல் 450 கிராம் வரை எடையுள்ள சிறு பையை மெல்லிய நூலில் கட்டி உறுதியான கவரொன்றின் மேலாக எறிந்து, அந்த நூலால் ஏறுகயிற்றை மேலே இழுத்துக்கொள்கிறோம். ஏறுகயிறு 11 முதல் 13 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ளது; உள்ளே சுமை தாங்கும் இழையும் வெளியே உரசலைத் தாங்கும் உறையுமாகப் பின்னப்பட்டது. அதன் மேல் ஒரு சிறு கயிற்றைச் சுற்றி உரசு முடிச்சு போடுவோம். பாரம் விழுந்தால் அது இறுகிப் பிடிக்கும், கையால் மெல்லத் தளர்த்தினால் வழுகி இறக்கும். ஒஸ்திரிய மலையேறியான கார்ல் புருசிக் 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சிலிருந்து வளர்ந்த குடும்பம் அது. மேலே போய் வேலை செய்யும் இடத்தை அடைந்ததும், தண்டைச் சுற்றி இரண்டாவது பிணைப்புக் கயிறொன்றையும் போட்டுக்கொள்கிறோம். சங்கிலி வாள் கையில் ஓடும் வேளையில் ஒரு கயிறு தவறுதலாக வெட்டுப்பட்டாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதே இதன் நியாயம். அதற்காகவே உள்ளே உருக்குக் கம்பி ஓடும் பிணைப்புக் கயிறும் விற்கப்படுகிறது.

இங்கே 1998ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதிகளின்படி, மனிதரைத் தூக்கும் இந்தக் கருவிகள் யாவும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவரால் முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும். நாங்களோ ஒவ்வொரு காலையும் கயிற்றைக் கைவிரல்களுக்கிடையே முழு நீளமும் ஓடவிட்டுப் பார்க்கிறோம். தடித்த இடமோ மெலிந்த இடமோ கைக்குத் தட்டுப்பட்டால் அந்தக் கயிறு அன்றோடு ஒதுக்கப்படுகிறது.

வாளைப் பொறுத்தவரை, மரத்தின் மேல் நிற்கும்போது அதிகம் உழைப்பது கைவாள்தான். இழுக்கும்போது வெட்டும் வளைந்த அலகும் இடுப்பில் தொங்கும் உறையும் கொண்ட கைவாளொன்று சங்கிலி வாளின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். கைத் தடிப்புள்ள கொப்புகளை அது எளிதில் முடித்துவிடும். மேலே கொண்டுபோகும் சங்கிலி வாள் கைப்பிடி உச்சியில் அமைந்த சிறிய வகையாகும். அதன் இயந்திரப் பகுதி நான்கு கிலோவுக்கு உட்பட்டே இருக்கும். அதையும் இரண்டு கைகளாலேயே பிடிக்க வேண்டும். தகட்டின் நுனியில் மேற்பாதி எதிலாவது பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பி எழும்பும்; ஒற்றைக் கையால் பிடித்தவருக்கு அதை நிறுத்த நேரமே இருக்காது. உங்கள் கடைக்காரர் காட்டிய இருபது அங்குல வாள் நிலத்தில் நின்று தறிப்பதற்கு உரியது. அதைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறுவதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது.

முள்ளியவளை மூத்தவர் எழுதியது:

தம்பிமார் இருவருக்கும் வணக்கம். இளமை தொட்டு இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் சீவல் தொழிலாளர் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் பனை ஏறி இறங்கினார்கள். அவர்களிடம் பட்டியும் இல்லை, பெட்டி நிறையக் கொளுவியும் இல்லை. அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மேலும், வளவுக்காரர் ஒருவர் பேசுவது ஒரு கொப்புக்கான கூலியைத்தான். அதற்காக ஒரு மணித்தியாலம் மரத்தைச் சுற்றி நடந்து கயிறு எறிந்துகொண்டிருந்தால், அடுத்த முறை வேறு ஆளைத்தான் அழைப்பார். வெளிநாட்டில் சங்கிலி வாள் பிடிப்பவர்கள் அணியும், வெட்டுப்படாத துணியில் தைத்த தடித்த காற்சட்டையை நமது சித்திரை வெயிலில் அணிந்தால் மரத்திலேயே மயக்கம் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நமது மரங்களின் குணம் ஒன்றுக்கொன்று வேறு. பாலை இரும்பு போன்றது, பச்சையில் வெட்டினாலும் தண்ணீரில் தாழும். அதன் கொப்பில் நம்பி நிற்கலாம், ஆனால் வெட்டிய துண்டின் பாரம் கயிறு பிடித்தவரையே இழுத்துச் செல்லும். முருங்கையையும் மலைவேம்பையும் ஒருபோதும் நம்பி மிதிக்கக் கூடாது. பழைய புளி வெளியே பச்சையாகக் குழைத்து நின்றாலும் உள்ளே ஆள் புகும் அளவுக்குக் கோறையாக இருக்கும். முதிரை அரியும்போது பறக்கும் தூள் சிலருக்கு உடம்பெல்லாம் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். ஏறுவதற்கு முன் முசுறுக் கூட்டையும் குளவியையும் பார்க்க வேண்டும். பெரிய மருதிலோ ஆலிலோ மலைத்தேனீ இருந்தால், அது கலைந்து போகும் பருவம் வரை அந்த மரத்துக்கு வாள் சத்தமே கேட்கக் கூடாது. இவை எந்தப் பட்டியும் சொல்லித் தராத பாடங்கள் என்று நான் கருதுகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து இங்கிலாந்து எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன மரக்குணங்களை நான் அப்படியே ஏற்கிறேன். அந்த அறிவு இல்லாதவருக்குக் கயிறு வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. ஆயினும் பனை ஏறுவதற்கும் வேம்பின் பக்கக் கொப்பில் நின்று வெட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பனையில் ஏறுபவரின் இரு கைகளும் மரத்தை அணைத்திருக்கின்றன, அவர் சீவுவது கையளவு பாளையை. வேம்பில் நிற்பவரோ இரு கைகளையும் வாளுக்குக் கொடுத்துவிடுகிறார். அவரை மரத்தோடு சேர்த்து வைத்திருக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும், அதுதான் அந்தக் கயிறு. கொப்பு முறியும் நொடியில் அவர் நிற்கும் தண்டும் பாரம் நீங்கி எதிர்ப்பக்கம் அடித்து ஆடும். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை வெறும் கால்களால் தாங்குவது உறுதியற்றது. நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: கயிற்றில் தொங்கப் பழகியவர் கொப்பின் நுனி வரை நடந்து சென்று வெட்ட முடியும் என்பதால், தொடக்கத்தில் இழந்த நேரம் மேலே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

வெயிலைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் நியாயம். காற்சட்டையினுள் அடுக்கப்பட்ட நீண்ட இழைகள் சங்கிலியில் சிக்கி அதன் சக்கரத்தை நிறுத்திவிடுகின்றன. அந்த அடுக்குத்தான் சூட்டையும் அடைக்கிறது. முன்பக்கம் மட்டும் அடுக்குள்ள வகை சூடு குறைந்தது, நிலத்தில் நிற்பவருக்குப் போதுமானது. மேலே கால்கள் எந்தத் திசையிலும் திரும்பும் என்பதால் ஏறுபவருக்குச் சுற்றிலும் காப்பு இருப்பதே நல்லது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் மேலே உள்ள வேலையை முடித்துவிட்டு, வெயில் ஏறியபின் நிலத்தில் துண்டு போடும் வழக்கத்தை நமது ஊரில் கொண்டுவரலாம்.

தென்னைக்கு ஒரு வேண்டுகோள். மிதித்து ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதையும், காலில் இரும்பு முள் கட்டி ஏறுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வேம்பும் மாவும் காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை வளர்த்து மூடிக்கொள்ளும். தென்னையிலும் பனையிலும் அவ்வாறு தடித்து வளரும் படை தண்டில் இல்லாததால் வெட்டிய பள்ளம் மரம் இருக்கும்வரை திறந்தே கிடக்கிறது. செவ்வண்டு முட்டையிடத் தேடுவது அத்தகைய காயங்களைத்தான். அதன் புழு உள்ளே குடைந்து உச்சி சாயும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை.

மாங்குளம் மரஆலை எழுதியது:

வெளிநாட்டு முறை நமது மரங்களுக்குப் பொருந்துமா என்று தம்பி கேட்டிருந்தார். இங்கிலாந்தில் இருப்பவர் எழுதியவை பொருந்தும். ஆனால் வன்னிக்கென்று தனியாக ஒரு பாடம் இருக்கிறது, அதை நமது ஆட்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். நமது மரங்களுக்குள் இரும்பு இருக்கிறது.

2009 வரை நடந்த போரில் பறந்த சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் கிளிநொச்சி தொடங்கிப் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வரை நின்ற மரங்களில் புதைந்து, அவற்றின் மேல் ஆண்டுதோறும் புது மரம் வளர்ந்து மூடிவிட்டது. இப்போது பட்டை வழுவழுப்பாக இருக்கும், உள்ளே நான்கு விரல் ஆழத்தில் உருக்குத் துண்டு கிடக்கும். முழு வேகத்தில் ஓடும் சங்கிலி அதில் பட்டால் பற்கள் சிதறுவது மட்டுமன்று, சங்கிலியே அறுந்து பின்னோக்கி அடிக்கக் கூடும். ஆலையில் அகலவாளில் அது பட்டால் அலகு முழுவதும் போய்விடும். அதனால்தான் சில ஊர்களிலிருந்து வரும் அருமையான முதிரையையும் பாலையையும் ஆலைக்காரர் வாங்கத் தயங்குகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கவனித்துப் பார்த்தால் மரம் அடையாளம் காட்டும். பட்டையில் வாய் மூடிய வடுப் போன்ற சுருக்கம், காரணமில்லாத புடைப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாக வந்த பழைய முறிவுகள் ஆகியவற்றைக் கண்டால் சந்தேகிக்க வேண்டும். வெட்டத் தொடங்கியபின் மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உடனே வாளை நிறுத்துங்கள். இரும்பு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது, அந்தக் கறை இரும்பிலிருந்து நார் ஓடும் திசையில் மேலும் கீழும் நீளும். எங்கள் ஆலையில் கையடக்கமான உலோகம் காட்டும் கருவியொன்றை வைத்து ஒவ்வொரு குற்றியையும் தடவிப் பார்க்கிறோம். ஆழத்தில் உள்ளதை அது காட்டத் தவறினாலும் மேலாக உள்ளதைக் காட்டிவிடுகிறது. எல்லைமரங்களில் அடித்த ஆணிகளும் விழுங்கப்பட்ட முள்கம்பியும் இதே சேதத்தைச் செய்பவை. அவை பெரும்பாலும் இடுப்பளவு உயரத்துக்குள் இருக்கும், சிதறலோ எந்த உயரத்திலும் இருக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பற்றை மூடிய காணியில் மரத்தடியைத் துப்புரவாக்கும்போதோ, வேர்க்கவரிலோ பொந்திலோ உருளையான, துருப்பிடித்த எதையாவது கண்டாலோ, அதைத் தொடாமல், அசைக்காமல், வந்த கால்தடத்திலேயே திரும்பி வந்து பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, அகற்றும் பணியும் பல்லாண்டுகளாக நடக்கிறது. ஆனாலும் துப்புரவாக்கப்பட்டது என்று கேட்டறியாத காணியில் கூலிக்காக இறங்க வேண்டாம். விழும் மரம் நிலத்தில் அறையும் விசையையும் நினைத்துப் பாருங்கள்.

சங்கிலி தீட்டுவது பற்றியும் ஒரு சொல். பாலையில் பழகிய வாள் விரைவில் மழுங்கும். மழுங்கிய வாள் சீவலுக்குப் பதிலாகத் தூளைக் கக்கும். அரம் சங்கிலியின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; மேலே கொண்டுபோகும் சிறு வாள்களின் தாழ்ந்த வகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் அரமும், கண்ணியிடை .325 அங்குலமான சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும் பொருந்தும். ஒரு பக்கப் பற்கள் மற்றப் பக்கத்தைவிடக் குட்டையாகத் தேய்ந்தால் வெட்டு வளைந்து போகும். இரும்பில் பட்டு ஒரு பல் உடைந்தால் மற்றப் பற்களையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது சங்கிலியை மாற்ற வேண்டும்.

வவுனிக்குளம் ஆசிரியை எழுதியது:

வெட்டிய இடம் உளுத்துப் போகாமல் வெட்டுவது எப்படி என்ற கேள்வி இன்னும் விடை காணாமல் நிற்கிறது. நான் விவசாயம் கற்பிப்பவள்; ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்குமுன் பாடசாலை வளவுகளில் நிழல் தரும் வாகையையும் வேம்பையும் தலையோடு மொட்டையடிக்கும் வழக்கத்தைக் கண்டு மிகவும் மனம் நொந்திருக்கிறேன். அப்படி வெட்டப்பட்ட மரம் பட்டினியில் பதறி, வெட்டிய விளிம்பைச் சுற்றிக் கற்றை கற்றையாகக் குழை தள்ளுகிறது. அந்தப் புதுக்கொப்புகள் தண்டின் வைரத்தில் வேரூன்றாமல் பட்டைக்குக் கீழே மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், சில ஆண்டுகளில் அவை பருத்ததும் காற்றில் கிழிந்து விழுகின்றன. ஆபத்தை நீக்குவதாக எண்ணிச் செய்த வேலை பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே புதிய ஆபத்தை வளர்க்கிறது.

அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் சைகோ (1930–2006) ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து ஆராய்ந்து, மரம் தன் காயத்தை நம் உடலைப் போல ஆற்றுவதில்லை என்று காட்டினார். காயம்பட்ட பகுதியை மரத்தால் புதுப்பிக்க முடியாது. பழுது பரவாதபடி அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி அடைத்து வைத்துவிட்டு, வெளியே புது மரம் வளர்க்கிறது. 1977இல் அவரும் அவருடன் ஆய்வு செய்தவரும் வெளியிட்ட விளக்கத்தில் இத்தகைய தடுப்புகள் நான்கு. நாரோட்டத்தில் மேலும் கீழும் போவதைத் தடுப்பது மிக வலிமை குன்றியது. காயத்தின் பின் வளரும் புது மரத்துக்கும் பழையதற்கும் இடையே எழுவது மிக வலிமையானது. நமது பழைய புளிகள் கோறையாக இருந்தும் நூறு மாரிகளைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தடித்த ஒரு வளையம் தெரியும். அது தண்டின் உடைமை, காயத்தை மூடும் வளர்ச்சி அங்கிருந்தே வருகிறது. அந்த வளையத்தைச் சீவித் தண்டோடு ஒட்ட வெட்டினால் காயம் இரட்டிப்பாகி, தடுப்பும் அழிந்துவிடுகிறது. முழம் நீளத்துக்குக் கட்டை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை பட்டு, உளுத்து, பழுதை உள்ளே வழிநடத்துகிறது. வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டுவதே முறை. பாரமான கொப்பாயின் முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டி, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டி முறித்து, மிஞ்சிய கட்டையைக் கடைசியாக வளையத்தருகே அறுக்க வேண்டும். கீழ்வெட்டு இல்லாவிட்டால் விழும் கொப்பு தண்டின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு போகும்.

தாரும் சாணமும் பூசும் வழக்கம் பழுதைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து அதற்கு உதவவும் கூடும். கோறைக்குள் சீமெந்து நிரப்புவதை ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே பெருமையாகச் செய்தார்கள். ஆடும் மரத்துக்குள் ஆடாத கல் உரசி, அடைத்து வைத்த தடுப்பை உடைத்ததால் கைவிட்டார்கள். ஒரே தடவையில் இலைப்பரப்பின் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பட்ட கொப்புகளை ஆவணியில் எடுத்துவிட்டால் கார்த்திகைக் காற்றுக்கு முன் மரம் ஆயத்தமாகிவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலுக்குப் பின் வீதிகளில் கிடந்த மரங்களைப் பார்த்தபோது, பலவற்றின் முறிவில் பழைய மொட்டைவெட்டின் கறுத்த வட்டம் தெளிவாகத் தெரிந்தது.

கிளிநொச்சி முன்னாள் மின்னியலாளர் எழுதியது:

சட்டமும் மின்கம்பியும் பற்றிச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதிரை, பாலை போன்ற மரங்களின் குற்றிகளை வாகனத்தில் ஏற்ற வனவளத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வளவுக்காரரே எடுத்துத் தரும்படி வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும்படி 2019இல் அரசு அறிவித்தது. வாள் வாங்குபவர் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, பொலிஸ் நிலையத்தில் நடைமுறையைக் கேட்டறிவது நல்லது.

நமது கிராம வீதிகளில் உயரக் கம்பத்தில் போகும் மூன்று கம்பிகள் பெரும்பாலும் 33,000 வோல்ட் உடையவை. அவற்றைத் தொட வேண்டும் என்பதில்லை. போதிய அளவு கிட்டப் போனாலே மின் பாயும். பச்சைக் கொப்பும் மின்னைக் கடத்தும், நனைந்த கயிறும் கடத்தும், பனி படிந்த மூங்கில் கொக்கத்தடியும் கடத்தும். கொப்பு கம்பியில் சாய்ந்திருந்தாலோ, வெட்டினால் கம்பிப் பக்கம் விழக்கூடியதாக இருந்தாலோ, உங்கள் பகுதி மின்விநியோக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் மின்னைத் துண்டித்து நிலத்தோடு இணைத்ததைக் கண்ணால் கண்ட பிறகே ஏறுங்கள். அயலவர் ஒருவர் கம்பத்து உருகியைத் தடியால் தட்டிவிட்டேன் என்று சொன்னால் அதை நம்பி ஏறாதீர்கள்.

மல்லாவித் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரிய வாளை வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் பாவித்த பட்டியும் கயிறும் அனுப்புவதாகச் சொல்கிறார், அவற்றை ஏற்கலாமா? மேலே ஒருவர் காயப்பட்டு மயங்கினால் நம்மைப் போன்ற இருவர் குழுவால் என்ன செய்ய முடியும்?

ஒட்டுசுட்டானிலிருந்து இங்கிலாந்து எழுதியது:

தம்பி, வரலாறு தெரியாத கயிற்றையும் பட்டியையும் ஏற்காதீர்கள். வெயிலும் மின்கலத் திராவகமும் உள்ளிழையை அழித்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பாவனை இல்லாமல் வைத்திருந்தாலும் துணியாலான ஏறுகருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் என எல்லை வைக்கிறார்கள். உலோகக் கொளுவியும் கப்பியும் விழாதவை, வெடிப்பில்லாதவை என்று தெரிந்தால் பாவிக்கலாம். புதிதாக வாங்கும்போது பட்டியில் ஈ.என். 358, ஈ.என். 813 என்ற ஐரோப்பியத் தரக் குறிகளும் தயாரிப்பு ஆண்டும் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தலைக்கவசம் நாடிப் பட்டியோடு இருக்க வேண்டும்; மோட்டார் சைக்கிள் கவசம் காதை அடைத்துக் கீழிருந்து வரும் குரலை மறைத்துவிடும். சந்தை நைலோன் கயிற்றைக் கொப்பு இறக்க மட்டும் வையுங்கள். அதிலும் கணக்குப் பார்க்க வேண்டும்: 40 சென்ரிமீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள பாலைத் துண்டு 125 கிலோவுக்குக் குறையாது, அது சிறிது தூரம் விழுந்து கயிற்றில் நிற்கும்போது கயிறு உணரும் இழுவை அதைப்போலப் பல மடங்காகும். ஆகவே சிறிய துண்டுகளாக வெட்டுங்கள். கீழே கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காமல் அடிமரத்தில் சுற்றி, உரசலால் தளர்த்தி இறக்குங்கள்.

மீட்பைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. பட்டியில் அசையாமல் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கி, காயம் இல்லாமலே உயிராபத்து வரக் கூடும். நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது. அதற்காக ஏறுகயிற்றின் மேல் முனையை மரத்தில் கட்டாமல், கவர் வழியாகத் திருப்பிக் கீழே அடிமரத்தில் தளர்த்தக்கூடிய முறையில் கட்டினால், கீழே நிற்பவர் ஏறாமலே உங்களை இறக்கிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குக் கயிறு மர உயரத்தைப்போல மூன்று மடங்காவது நீளமாக இருக்க வேண்டும். அதை நீங்கள் இருவரும் பத்தடி உயரத்தில், வாள் இல்லாமல், ஒருவரையொருவர் இறக்கிப் பழக வேண்டும். இரத்தத்தை அழுத்திக் கட்டும் பெரிய கட்டுத்துணி ஏறுபவரின் பட்டியிலும் ஒன்று, கீழேயும் ஒன்று இருக்கட்டும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கும்போது சொல்வதற்காக, காணிக்கு வரும் வழியை வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நமது உள்வீதிகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

முள்ளியவளை மூத்தவர் எழுதியது:

தம்பி, அந்தக் கயிற்று ஏற்பாட்டை வாசித்தபின் இரவு முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கீழிருந்தே ஆளை இறக்க முடியும் என்பது எங்கள் காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அது தெரிந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருக்கக் கூடியவர்களை நான் அறிவேன். பட்டியும் கயிறும் வந்ததும் இங்கே வாருங்கள். எங்கள் வளவில் தாழ்ந்த கவருள்ள வேம்பு ஒன்று நிற்கிறது, பழகுவதற்கு ஏற்றது. நான் கீழே நின்று கயிறு பிடிக்கிறேன், மரம் எங்கே முறியும் என்பதைச் சொல்லித் தருகிறேன். மாங்குளத்துத் தம்பி அந்த உலோகம் காட்டும் கருவியை ஒரு நாளைக்குத் தந்துதவினால், அடுத்த காணியில் நிற்கும் பட்ட பாலையையும் தடவிப் பார்த்துவிடலாம். ஆவணி பிறக்குமுன் வந்தால் போதும், புரட்டாதிக்குள் அந்த வேலைகளை முடித்துவிடலாம்.

மாங்குளம் மரஆலை எழுதியது:

கருவியை நானே கொண்டு வருகிறேன், ஐயா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை ஓடாது. சிறு சங்கிலிக்கான 4 மில்லிமீற்றர் அரமும் எடுத்து வருகிறேன்; தம்பி வாள் வாங்குமுன் பழைய சங்கிலி ஒன்றில் தீட்டிப் பழகிக்கொள்ளட்டும்.